ஒன்பது கிலோ குறைத்துவிட்டாள் மகள்: சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

கேள்வி:

என் மகளுக்கு 15 வயது. இப்போதுதான் பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். உயரம் 158 செ.மீ. சின்ன வயதிலிருந்தே பூசின உடம்பு. மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்தபோது 76 கிலோ இருந்தாள். பீரியட்ஸ் முன்னே பின்னே வருகிறது என்று காட்டப் போனபோது, "பி.சி.ஓ.டி. மாதிரி இருக்கு, வெயிட்டைக் குறைங்க" என்றார்கள். அன்றிலிருந்து யூடியூபில் பார்த்து '1200 கலோரி டயட்' என்று ஆரம்பித்தாள். ஆவணியில் என் தங்கை கல்யாணம். அதற்குள் 60 கிலோவுக்கு வர வேண்டுமாம். மூன்று மாதத்தில் 67-க்கு வந்துவிட்டாள். பார்ப்பவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள்.

ஆனால் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. மதிய டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது. ராத்திரி ஒரு கிண்ணம் ஓட்ஸ். மொட்டை மாடியில் ஆயிரம் ஸ்கிப்பிங். படுக்கையிலிருந்து எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறாள், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. இரண்டு மாதமாக பீரியட்ஸே இல்லை. போன வாரம் மெத்தைக்குக் கீழே ஏழெட்டு பிஸ்கட், சிப்ஸ் பாக்கெட் உறைகள் கிடந்தன. கேட்டதும் ஓவென்று அழுதாள்.

மகனுக்கு 12 வயது, 148 செ.மீ., 54 கிலோ. எந்நேரமும் நொறுக்குத்தீனிதான். "அக்காவைப் பார்த்துக் கத்துக்கோடா" என்று அவன் அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார். இரண்டு பேரையும் எப்படிக் கையாள்வது?

பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மகளை இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. "இன்னும் குண்டாகத்தானே இருக்கா, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று வீட்டிலேயே யாராவது கேட்பார்கள். 158 செ.மீ. உயரத்துக்கு 76 கிலோ என்றால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30-ஐத் தாண்டுகிறது. இப்போது 67 கிலோவில் அது 27-க்குக் கொஞ்சம் கீழே. இந்தியக் குழந்தைகளுக்கான வளர்ச்சி அட்டவணையில் குறித்தால் இன்னமும் இயல்புக்கு மேலேதான். அட்டவணையை மட்டும் பார்க்கிறவர் திருப்திப்பட்டுவிடுவார். ஆனால் உடம்பு பார்ப்பது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை மட்டும் அல்ல. எவ்வளவு வேகமாக, எவ்வளவு போனது என்பதும் அதற்குக் கணக்கு. மூன்று மாதத்தில் தன் எடையில் 12 சதவீதத்தை இழந்திருக்கிறாள். தலைசுற்றல், முடி உதிர்தல், நின்றுபோன மாதவிலக்கு மூன்றும் சேர்ந்தால், எலும்பும் தோலுமாக இருக்கும் பெண்ணிடம் எதைத் தேடுவோமோ அதையே இவளிடமும் தேட வேண்டும்.

இதற்கு மருத்துவத்தில் பெயரே இருக்கிறது. 2013-ல் வந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் 'வழக்கத்துக்கு மாறான அனோரெக்ஸியா' என்று குறித்திருக்கிறார்கள். பட்டினி, எடை கூடிவிடுமோ என்கிற பயம், உடம்பைப் பற்றிய ஓயாத நினைப்பு எல்லாம் அனோரெக்ஸியா என்ற உண்ணுதல் கோளாறில் உள்ளவைதான், எடை மட்டும் சராசரியிலோ அதற்கு மேலோ இருக்கும். நாடித்துடிப்பு குறைவதும் உப்புச் சத்துகள் தடுமாறுவதும் இவர்களுக்கும் வரும். தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது, ஏனென்றால் நோய் முற்ற முற்றப் பாராட்டும் கூடுகிறது. உங்கள் மகளுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்துக்கொண்டு முடிவு சொல்ல முடியாது. ஆனால் சந்தேகப்படப் போதுமான காரணம் இருக்கிறது.

நாளைக் காலை அவள் எழுந்திருக்கும் முன், படுத்தபடியே மணிக்கட்டில் நாடி பிடித்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம். விழித்த நிலையில் 50-க்குக் குறைவாக இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. மயங்கி விழுந்தாலும், நெஞ்சு படபடத்தாலோ வலித்தாலோ, வாந்தியில் ரத்தம் தெரிந்தாலோ, தண்ணீர்கூட வேண்டாம் என்றாலோ அப்படியே.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதல் வாக்கியம் முக்கியம். "வெயிட் குறைக்கிறா, கொஞ்சம் பலவீனமா இருக்கா" என்று ஆரம்பித்தால் சத்து மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "மூணு மாசத்துல 76-லேர்ந்து 67 வந்துட்டா. ரெண்டு மாசமா பீரியட்ஸ் இல்ல. எழுந்தா தலை சுத்துது. பகல்ல சாப்பிடறதில்ல, ராத்திரி ஒளிச்சு வச்சுச் சாப்பிடறா." இதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப்போய்க் கொடுப்பது இன்னும் நல்லது, மகள் எதிரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்காது. படுத்தும் நின்றும் நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். எழுந்து நின்றதும் மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால் அது வெறும் களைப்பு இல்லை. ஈ.சி.ஜி. ஒன்று வேண்டும். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு பார்க்க வேண்டும். மாதவிலக்கு நின்ற எந்தப் பெண்ணுக்கும் கர்ப்பப் பரிசோதனை வழக்கமாகச் செய்வதுதான், அதைக் கேட்டு அதிர்ச்சியடைய வேண்டாம். இன்னொன்று: ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தாலும் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. பட்டினியில் உடம்பு கடைசி வரை அந்த எண்களைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கும். "நல்லா குறைச்சிருக்கம்மா, அப்படியே கன்டினியூ பண்ணு" என்று யாராவது சொன்னால் மறு பேச்சில்லாமல் வேறு குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள்.

வர மாட்டேன் என்று அடம்பிடித்தால், எடைப் பேச்சையே எடுக்காதீர்கள். தலைசுற்றலுக்கும் முடி கொட்டுவதற்கும் காட்டப் போகிறோம் என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட, அவளுக்கே தொல்லை தருபவை அவைதான்.

பீரியட்ஸ் வராததற்கு பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறுதான் காரணம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். பி.சி.ஓ.டி.யில் அதிக எடை உள்ளவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வரும். இவள் 12 சதவீதம் குறைத்த பிறகு, முன்னே பின்னே வந்துகொண்டிருந்ததும் நின்றுவிட்டது. அப்படியானால் முதல் சந்தேகம் பட்டினி மேல்தான் விழ வேண்டும். உள்ளே வருவது போதவில்லை என்றால் மூளை முதலில் நிறுத்தி வைக்கிற வேலைகளில் மாதவிலக்கும் ஒன்று. மாத்திரை கொடுத்து வரவழைத்தால் ரத்தப்போக்கு வரும், காரணம் அப்படியே இருக்கும். (பி.சி.ஓ.டி. உள்ள பிள்ளைகளின் கழுத்து மடிப்பில் கருமை படர்வதைப் பார்த்திருப்பீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. அழுக்கென்று நினைத்துக் கடலை மாவு போட்டுத் தேய்க்கிற வீடுகள் நிறைய. தேய்த்துப் போகாது, பிள்ளைக்கு அவமானம்தான் மிச்சம்.)

இனி மெத்தைக்குக் கீழே கிடந்த உறைகள். அவற்றைப் பார்த்ததும் உங்களுக்குத் தோன்றியது, "இவ்வளவு கஷ்டப்பட்டுக் குறைச்சவ, மனக்கட்டுப்பாடு போயி இப்படிப் பண்றாளே" என்பதாக இருக்கலாம். அவளும் அதையேதான் நினைத்து அழுதிருப்பாள். நடந்தது வேறு. 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2400 கலோரி தேவை என்கிறது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். யூடியூப் சொன்ன 1200 அதில் சரிபாதி. அவள் உண்மையில் சாப்பிடும் பாதி டப்பாவும் ஒரு கிண்ணம் ஓட்ஸும் சேர்ந்து ஆயிரத்தைக்கூடத் தொடாது. மேலே ஆயிரம் ஸ்கிப்பிங் வேறு. முந்தின இரவு ஓட்ஸுக்குப் பிறகு அடுத்த நாள் மதியம் வரைக்கும் பதினாறு மணி நேரம் வெறும் வயிறு. இந்த நிலையில் இரவு பதினொரு மணிக்குக் கை பிஸ்கட்டைத் தேடிப் போகாவிட்டால்தான் ஆச்சரியம். தின்றது மனசு இல்லை, பசி. அடுத்து வருவது குற்ற உணர்ச்சி, 'நாளைக்கு ஒண்ணுமே சாப்பிடக் கூடாது' என்கிற சபதம், மறுநாள் இன்னும் நீண்ட பட்டினி, அன்றிரவு இன்னும் இரண்டு பாக்கெட். இந்தச் சக்கரத்தில் சிலர் வாந்தியையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இது குண்டுப் பிள்ளைகளின் குணம் என்று யாரும் சொல்லிவிடாதபடிக்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1944-ல் தொடங்கிய அந்தச் சோதனையில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானி, நல்ல ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைப் பட்டினி உணவு கொடுத்தார். நாளுக்கு ஏறத்தாழ 1600 கலோரி, உங்கள் மகளின் டயட்டைவிட அதிகம். எடையில் கால் பங்கு போனது. சமையல் புத்தகம் சேகரித்தார்கள், சாப்பாட்டைக் கனவில் கண்டார்கள், எரிந்து விழுந்தார்கள். சோதனை முடிந்து வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றானதும் பலருக்கு நிறுத்தவே முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து 1999-ல் வெளியிட்ட ஆய்வில், கடுமையாக டயட் இருந்த பெண்களுக்கு உண்ணுதல் கோளாறு வரும் வாய்ப்பு, டயட்டே இல்லாதவர்களைவிட 18 மடங்கு. மிதமாக இருந்தவர்களுக்கு 5 மடங்கு. இளம் வயதில் தானாக டயட் தொடங்கியவர்கள் சில ஆண்டுகள் கழித்து எடை கூடியிருப்பதையே பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இதனால் எடைச் சிகிச்சையே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவரும் உணவியல் நிபுணரும் கூடவே இருந்து நடத்தும் சிகிச்சையில் இந்தக் கோளாறின் அடையாளங்கள் குறையவே செய்கின்றன. கெடுப்பது தனியாக, ரகசியமாக, அவசரமாக இருக்கும் டயட்.

டாக்டர் பார்த்து வீட்டிலேயே கவனிக்கலாம் என்று சொன்ன பிறகு சாப்பாட்டை ஒழுங்குபடுத்துங்கள். அதற்கு முன் பயத்தில் ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறலாம். எடை அதிகமாக உள்ளவர்களுக்கும் இது நேரும். எந்த வேகத்தில் கூட்டுவது என்பதை டாக்டரும் உணவியல் நிபுணரும் சொல்ல வேண்டும். போய்ச் சேர வேண்டிய இடம் ஏறத்தாழ இப்படி இருக்கும். காலை நாலு இட்லி, சாம்பார், சட்னி, ஒரு முட்டை, ஒரு டம்ளர் பால். பள்ளி இடைவேளையில் ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும். மதியம் இரண்டு கப் சாதம், குழம்பு, ஒரு கப் காய், தயிர், கூடவே மீனோ முட்டையோ கெட்டிப் பருப்போ. மாலை ஐந்து மணிக்கு ஒரு கப் சுண்டல், பால் அல்லது காபி. இரவு மூன்று சப்பாத்தி, கூட்டு. கூட்டிப் பார்த்தால் 2400-ஐ ஒட்டி வரும். அளவு பெரிதாகத் தெரியலாம், வளரும் பெண்ணின் சாதாரணச் சாப்பாடுதான் இது.

அளவைவிட முக்கியம் நேரம். இரண்டு வேளைக்கு நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல் போகவிடக் கூடாது. இரவு உறைகளை ஒழிக்கும் மருந்து காலை இட்லியிலும் மாலைச் சுண்டலிலும் இருக்கிறது, பீரோவுக்குப் போடும் பூட்டில் இல்லை. மாலை வேளைதான் அதிகம் கவிழும் இடம். பள்ளி விட்டு, பஸ் பிடித்து, டியூஷன் முடித்து ஏழரைக்கு வீட்டுக்கு வருகிற பிள்ளை மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட்டது. டியூஷன் பையில் இரண்டாவது டப்பா ஒன்று வையுங்கள். வெண்டைக்காய்ப் பொரியல் வேண்டாம், கையில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி கொழுக்கட்டை, வேக வைத்த கடலை, முட்டை.

இப்போதைக்கு மகளின் தட்டில் என்ன, எவ்வளவு என்பதை நீங்களும் அவள் அப்பாவும்தான் முடிவு செய்ய வேண்டும். 'உனக்கு எவ்வளவு வேணுமோ போட்டுக்கோ' என்றால் நோய்தான் போட்டுக்கொள்ளும், இரண்டு கரண்டி. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவான குடும்பம் சார்ந்த சிகிச்சையின் அடிப்படையே இதுதான்: குணமாகும்வரை சாப்பாட்டுப் பொறுப்பு பெற்றோர் கையில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை கையில். கூடவே உட்காருங்கள். முடிக்க அரைமணி ஆகட்டும். தட்டைப் பற்றிப் பேசாமல் பள்ளிக்கூடம், சினிமா, சித்தி கல்யாணம் என்று எதையாவது பேசுங்கள். "இது வேண்டாம், வயிறு நிறைஞ்சிருச்சு" என்றால் வாதம் செய்யாமல், "கஷ்டமா இருக்குன்னு தெரியுது. இதையும் முடிச்சிடு, நான் இங்கேயே இருக்கேன்" என்று ஒரே குரலில் சொல்லுங்கள். முடித்ததும் ஒரு மணி நேரம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். உடனே பாத்ரூம் போவது, தண்ணீர் திறந்துவிட்டு நெடுநேரம் இருப்பது, கன்னத்தின் கீழ்ப்புறம் வீங்கியிருப்பது, விரல் முட்டியில் தழும்பு, பல் கூச்சம் இவற்றைக் கவனியுங்கள். வாந்தி எடுக்கிறாள் என்று தெரிந்தால் திட்டாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள், பொட்டாசியம் பார்க்க வேண்டும். அமிலம் பட்ட பல்லை உடனே தேய்க்கக் கூடாது, சிட்டிகை சமையல் சோடா கலந்த தண்ணீரில் கொப்பளிக்கட்டும்.

ஸ்கிப்பிங்கை டாக்டர் சரி என்று சொல்லும்வரை நிறுத்துங்கள். கயிற்றை ஒளித்து வைத்தால் சண்டை வரும். 'டாக்டர் சொல்ற வரைக்கும்' என்று கெடு வைத்துச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி என்று திடீர் பக்தி வந்தாலும் கண்டுகொள்ளுங்கள், சாப்பாட்டைத் தவிர்க்க நம் வீடுகளில் கிடைக்கிற மரியாதையான வழி அது. பூஜை செய்யட்டும், விரதம் மட்டும் இந்த வருஷம் வேண்டாம்.

பையிலும் அலமாரியிலும் வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஸ்லிம்மிங் டீ' பொட்டலங்கள் பலவற்றில் இருப்பது நிலாவிரை, அதாவது பேதிக்குக் கொடுப்பது. சாப்பாட்டின் கலோரி சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பேதி மருந்து வேலை செய்வது பெருங்குடலில், போவது தண்ணீரும் பொட்டாசியமும்தான். மறுநாள் தண்ணீர் குடித்ததும் எடை திரும்பி வரும், பிள்ளை பயந்து இன்னொரு பொட்டலம் பிரிப்பாள். ஆன்லைனில் விற்கும் 'மூலிகை' எடைக் குறைப்பு மாத்திரைகள் இன்னும் மோசம். இதயத்துக்கு ஆபத்து என்று இந்தியாவில் 2011-ல் தடை செய்த சிபுட்ராமின் என்ற மருந்து, பெயர் போடாமல் இந்த மாதிரி மாத்திரைகளில் கலந்திருந்தது உலகெங்கும் பலமுறை பிடிபட்டிருக்கிறது.

சாப்பாட்டுக்கு அடுத்தது பேச்சு. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 2013 ஆய்வில் தெரிந்தது இது: வீட்டில் எடையைப் பற்றிப் பேச்சு எடுத்தால், பிள்ளைகள் சாப்பாட்டைத் தவிர்ப்பதும் வாந்தி எடுப்பதும் கூடுகிறது. நல்ல சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினால், எடை அதிகமுள்ள பிள்ளைகளிடம் இவை குறைகின்றன. நல்லெண்ணத்தோடு பேசுகிறோமே என்று நாம் நினைக்கலாம், பிள்ளையின் காதில் விழுவது கிலோ மட்டும்தான். பாராட்டும் இதில் அடக்கம். "சூப்பரா இளைச்சிட்ட" என்று கேட்ட பெண்ணுக்கு, முன்னால் நான் எப்படி இருந்தேன் என்று இவர்கள் நினைத்திருக்கிறார்கள் என்பதும், திரும்பக் கூடினால் என்ன சொல்வார்கள் என்பதும் சேர்ந்தே கேட்கிறது. எடை மெஷினை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், பரணில்கூட வேண்டாம். ஆஸ்பத்திரியில் மட்டும் எடை பார்க்கட்டும், எண்ணை அவளுக்குக் காட்டாமல் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். 'குண்டு', 'தடியா', 'பூசணிக்கா' எல்லாம் செல்லப் பெயராக இருந்தாலும் இன்றோடு சரி. பெரியவர்கள் தங்கள் தொப்பையைப் பற்றி அலுத்துக்கொள்வதும்தான்.

உறைகளைப் பற்றி அவளிடம் மறுபடி பேசத்தான் வேண்டும். அமைதியான ஒரு நேரத்தில், முகத்துக்கு நேரே இல்லாமல் காய் நறுக்கிக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ: "அன்னிக்கு நான் சத்தம் போட்டது தப்பு. பகல்லாம் பட்டினி கிடந்தா யாருக்கும் ராத்திரி அப்படித்தான் ஆகும்னு இப்பத்தான் தெரிஞ்சுது. இனி ராத்திரி பசிச்சா என்னை எழுப்பு, ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்." அதற்கு மேல் எதுவும் வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஏதாவது சொல்கிறாளா என்று நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எந்த நேரத்திலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. நேரில் பார்க்க மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். குழந்தை மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு வேண்டுமானால் வேலூர் சி.எம்.சி.யிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இருக்கிறது.

பள்ளியில் வகுப்பாசிரியருக்கு ஒரு சின்னக் கடிதம் போதும். மதியம் சாப்பிட்டாளா என்று சத்தமில்லாமல் கவனிக்கவும், உடல்நலப் பரிசோதனையில் எடையை எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்காமல் இருக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள். யாராவது கிண்டல் செய்கிறார்களா என்றும் விசாரியுங்கள். 'வெயிட்டைக் குறைங்க' என்ற ஒரு வார்த்தையில் இவ்வளவும் ஆரம்பித்திருக்காது, அதற்கு முன்பே யாரோ பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ சொல்லியிருப்பார்கள்.

மகன் விஷயம் சுலபம், நிம்மதியாக இருங்கள். ஆனால் அவனுக்கான விதி அக்காவுக்கானதிலிருந்து வேறு. என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது உங்கள் முடிவு. வைத்ததில் எவ்வளவு என்பது அவன் முடிவு. "போதும், எழுந்திரு" என்றும் சொல்ல வேண்டாம், "தட்டைக் காலி பண்ணு" என்றும் சொல்ல வேண்டாம். அவனுக்கு எடை குறைய வேண்டிய அவசியமே இல்லை, ஏறும் வேகம் குறைந்தால் போதும். இப்போது 148 செ.மீ.க்கு 54 கிலோ, பி.எம்.ஐ. 24.7. பையன்கள் பருவ வளர்ச்சியின் உச்சத்தில் வருஷத்துக்கு ஒன்பது செ.மீ. வரைக்கும் வளர்வார்கள். 160 செ.மீ. தொடும்போது எடை 58 ஆகியிருந்தாலும்கூட பி.எம்.ஐ. 22.7-க்கு இறங்கியிருக்கும். ஒரு வேளையும் பட்டினி போடாமல், உயரமே பாதி வேலையைச் செய்துவிடும்.

எந்நேரமும் நொறுக்குத்தீனி என்கிறீர்கள். அதை 'எந்நேரமும்' என்பதிலிருந்து மாலை ஐந்து மணிக்கு மாற்றுங்கள், தட்டில் போட்டு, டி.வி. இல்லாமல். முறுக்கும் மிக்சரும் தடை இல்லை. மாசச் சாமானோடு இரண்டு கிலோ வாங்கி டின்னில் நிரப்பாமல், சனி ஞாயிறில் கால் கிலோ வாங்கி நாலு பேரும் தின்று தீர்த்துவிடுங்கள். அவனுக்கு மட்டும் இல்லை என்று வைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிட்டால், அக்காவின் மெத்தைக்குக் கீழே கண்டதை அவன் புத்தகப் பையில் காண்பீர்கள். உண்மையில் வெட்ட வேண்டியது குடிக்கும் சர்க்கரையை. 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, கிட்டத்தட்ட ஆறேழு டீஸ்பூன். பாலில் கலக்கும் சத்து மாவு டப்பாக்களின் பின்பக்கத்தையும் ஒருமுறை படியுங்கள். தினம் ஒரு மணி நேரம் வேர்க்க விளையாட வேண்டும். கிரிக்கெட், சைக்கிள், கபடி எதுவாக இருந்தாலும் சரி, எடைக்காக என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்பதரைக்குப் படுக்கை, போன் ஹாலில். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும். வாரத்தில் நாலைந்து இரவாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடிந்தால், இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மருந்து அது.

"அக்காவைப் பார்த்துக் கத்துக்கோடா" என்பதை அவன் அப்பா இன்றே நிறுத்த வேண்டும். பையன்களுக்கு இந்தக் கோளாறு வராது என்று நினைப்பது தவறு. அவர்களிடம் அது ஜிம், புரோட்டீன் பவுடர், 'கார்ப்ஸ் வேண்டாம்' என்கிற வேஷத்தில் வரும்.

கல்யாணத்தைப் பற்றிக் கடைசியாக. '60 கிலோ' என்ற இலக்கைச் சண்டை போட்டு உடைக்க முடியாது, ஆனால் அதற்கு ஆதாரமாக நிற்கும் துணியை மாற்றலாம். பிளவுஸைச் சின்ன அளவில் தைத்து 'அதுக்குள்ள வந்துடுவேன்' என்று மாட்டி வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால், அன்றைய அளவுக்கு, உள்ளே இரண்டு அங்குலம் தையல் விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். சாப்பாடு ஒழுங்கானதும் ஒன்றிரண்டு கிலோ கூடலாம், அதற்கு இடம் வேண்டும். உங்கள் தங்கையிடமும் அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: இவளைப் பார்த்ததும் உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். யாராவது பெரியவர் "என்னம்மா, பாதியாயிட்ட?" என்று ஆரம்பித்தால் அவள் பதில் சொல்லும் முன் நீங்கள் சொல்லுங்கள், "அவ பதினொண்ணாவதுல என்ன குரூப் எடுத்திருக்கான்னு கேளுங்க அத்தை." பந்தியில் அவளைத் தோழிகளோடு தனியாக உட்காரவிடாதீர்கள், பக்கத்து இலை உங்களுடையதாக இருக்கட்டும். மறக்காமல் காலை டிபனையும் சாப்பிட வைத்தே அழைத்துப்போங்கள். முகூர்த்தம் முடிந்து பந்திக்கு வர மதியம் ஒரு மணி ஆகிவிடும்.